மருமகள் சொன்ன ஒரு சொல்

மிலுங்கா எங்கள் குடாவில் படகை விட்டு இறங்கியதும் செய்த முதல் காரியம், கரையிலேயே குந்தி வாந்தி எடுத்தது. செர்பியாவின் உள்நாட்டுக்காரி. அவள் பிறந்த இடத்தில் மக்காச்சோளமும் பன்றியும் பிளம் தோப்பும்தான். கடலை அவள் முதன்முதலாகப் பார்த்ததே ஸ்ப்லிட் துறைமுகத்தில், கல்யாணத்துக்கு மறுநாள். அங்கிருந்து விஸ் தீவின் பட்டணத்துக்குக் கப்பல், பட்டணத்திலிருந்து அதே தீவிலிருக்கும் எங்கள் குடாவுக்குத் துடுப்புப் படகு. வந்து சேரும்போது முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

மாமியார் பெரினா ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "மூச்சி, மகளே, மூச்சி" என்று முதுகைத் தடவினாள்.

மிலுங்கா நிமிர்ந்து மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். படகுக் கயிற்றைப் பிடித்தபடி நான் பக்கத்தில்தான் நின்றேன். கடல் மயக்கம், அதனால் அப்படிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் தீவில் 'மூச்சி' என்றால் 'அழாதே, அமைதியாக இரு'. தொட்டில் பிள்ளைக்குச் சொல்வது. அவள் ஊரில் அதே சொல்லுக்கு 'வதைபடு' என்று பொருள். எங்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. செர்பியாவும் எங்கள் தீவும் ஒரே நாடு, ஒரே மொழி என்று அப்போது எல்லாச் சுவரிலும் எழுதியிருந்தது.

பெரினாவின் ஒரே மகன் யாக்ஷா. உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து நெடுஞ்சாலை போட இளைஞர்களைத் திரட்டினார்களே, அந்த வேலைக்குப் போன இடத்தில் இவளைப் பார்த்தான். அவன் கல் உடைத்தான், அவள் சமையல் கொட்டகையில் ரொட்டி வெட்டினாள். நல்ல பையன், வாயாடி. அவன் கூட இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை. அம்மா சொல்வதை இவளுக்குச் சொல்வான், இவள் சொல்வதை அம்மாவுக்குச் சொல்வான், இரண்டு பேரும் சிரிப்பார்கள். மூன்று வாரத்தில் ரியேக்கா துறைமுகத்திலிருந்து கப்பல் கம்பெனி கூப்பிட்டது. தென் அமெரிக்கா வரை போய்விட்டு வசந்தத்தில் வருவேன் என்று கிளம்பிவிட்டான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு கழுதை, கீழே மது பீப்பாய்கள். நடுவில் அடுப்படி, மேலே பரண் மாதிரி ஓர் அறை. அங்கேதான் மிலுங்கா படுப்பாள். ஒரே ஜன்னல், கடலைப் பார்த்து. தெற்கிலிருந்து யூகோ காற்று அடிக்கத் தொடங்கினால் வாரக்கணக்கில் அதைத் திறக்க முடியாது. பலகையை இழுத்துச் சாத்தி இரும்புக் கொக்கி மாட்டிவிட வேண்டும். உள்ளே பகலும் இருட்டு. சுவரெல்லாம் வியர்க்கும், உப்பு ஈரமாகிக் கட்டி பிடிக்கும். அந்தக் காற்றில் எங்களுக்கே தலை கனக்கும். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பெரினா வேகமாகப் பேசுவாள், பாதி இத்தாலியச் சொல். புரியவில்லை என்று மிலுங்கா தலையாட்டினால், செவிடிக்குச் சொல்வதுபோல் அதையே கத்திச் சொல்வாள். மிலுங்கா ஏதாவது கேட்டால் அவள் ராகத்தைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். கெட்ட எண்ணமில்லை. இழுத்து இழுத்து, பாட்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சிரித்தோம்.

கொஞ்ச நாளில் அவள் பேசுவதை விட்டுவிட்டாள். தொட்டியிலிருந்து தண்ணீர் சுமந்தாள், மத்தி மீனுக்கு உப்பு அடுக்கினாள், திராட்சைக் கொடித்தோட்டத்தில் கல் பொறுக்கினாள். இடையில் கண்ணீர் வரும். "மூச்சி!" என்பாள் பெரினா. மிலுங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கல் பொறுக்குவாள். பட்டுக்கொண்டே இரு, உழைத்துச் சாவு என்று சொல்கிறாள் கிழவி, என்றுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது.

டிசம்பரில் ஒரு சாயங்காலம். கீரையும் கருவாட்டு மீனும் சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்கள். உப்பு மீன் ஒத்துக்கொள்ளாமல் மிலுங்காவுக்கு வயிற்று வலி. கையை வயிற்றில் வைத்தபடி நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரினா ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்திருக்கிறாள்.

"சுத்திஷ்?" என்று கேட்டாள்.

எங்கள் பேச்சில் அதற்கு 'உணர்கிறாயா' என்று பொருள். குளிரை உணர்வோம், வலியை உணர்வோம், வயிற்றில் பிள்ளை அசைவதை உணர்வோம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். மிலுங்காவின் ஊரில் அதே சொல் 'வாய் திறக்காமல் இருக்கிறாயா' என்று ஆகும்.

"சுத்திம்" என்றாள் மிலுங்கா. ஆமாம், பேசாமல்தான் இருக்கிறேன். நாங்கள் அந்தச் சொல்லை ன் என்று முடிப்போம், அவள் ம் என்று முடித்தாள். அதை யார் கவனித்தார்கள்!

"நிஜமாவா? ரொம்ப நாளாவா?"

"நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க? யாக்ஷா போனதிலேருந்தே."

பெரினா எழுந்து வந்து அவள் தலையில் முத்தம் கொடுத்தாள். மிலுங்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசாமல் இருப்பதற்கு முத்தமா?

மறுநாள் காலையில் அவள் கையிலிருந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டாள் பெரினா. ஆட்டுப்பால் வந்தது, தினம் ஒரு முட்டை வந்தது. கொடித்தோட்டத்துக்கு வராதே, மலைப்பாதையில் ஏறாதே, படகுப் பக்கமே போகாதே. விஸ் பட்டணத்துக்குப் போய் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டுவிட்டு வருகிறேன் என்று மிலுங்கா கேட்டாள். "இந்தக் கடல்லயா? பைத்தியமா ஒனக்கு?" என்று பெரினா கதவைச் சாத்தினாள். பரணிலிருந்து இறங்கும் ஏணியடிக்குத் தன் படுக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மருமகள் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை. மேலே படுத்திருந்தவளுக்கோ, காவல் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பட்டது.

"நல்லா தீனி போட்டு அடைச்சு வச்சிருந்தாங்க" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "எங்க ஊர்ல பன்னிக்குத்தான் அப்படிச் செய்வோம், தோன்கா."

குடாவில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் ஒரே நாளில் செய்தி போய்விட்டது. ஆனால் வயிறு தெரிகிறவரை அந்தப் பெண்ணிடமே அதை வாய்விட்டுச் சொல்வது எங்களுக்கு வழக்கமில்லை, கண் பட்டுவிடும். அதனால் அவளைப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துச் சிரிப்போம். ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டோம். தன்னைக் கேலி செய்கிறோம் என்று நினைத்து அவள் உள்ளே போய்விடுவாள். பெரினாவுக்கு எழுதத் தெரியாது. யாக்ஷாவுக்கு, அப்பாவாகப் போகிறாய் என்ற கடிதத்தை என் கையால்தான் எழுதினேன். மிலுங்காவுக்கோ மாதாமாதம் வருவது வந்துகொண்டுதான் இருந்தது. அந்நியர் வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு துணியைப் பரணிலேயே கழுவி, கூரைக் கட்டையில் உலர்த்தியிருக்கிறாள்.

பிப்ரவரியில் யூகோ விடாமல் அடித்தது. கப்பல் இல்லை, தபால் இல்லை, மாவுகூடக் குறைந்துவிட்டது. அப்போது மலைமேல் இருந்த ராணுவ முகாமில் ஒரு சிப்பாய்க்குக் குடல்வால் வெடித்து, அவனைக் கோவேறு கழுதையில் பட்டணத்துக்குக் கொண்டுபோவதாகவும் அங்கிருந்து ராணுவப் படகு ஸ்ப்லிட்டுக்குப் போவதாகவும் என் புருஷன் பாஷ்கோ பெரினா வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். சிப்பாய்கள் பாதிப் பேர் செர்பியப் பையன்கள். மிலுங்காவுக்கு அது கேட்டது.

அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பெரினா கதவில் முதுகைச் சாய்த்து இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எங்க போற?"

"வீட்டுக்கு. விடுங்கம்மா."

"இந்தக் காத்துல, மலைமேல, அப்புறம் கடல்ல! பிள்ளையக் கொல்லப் போறியா?"

"எந்தப் பிள்ளையை?"

"எந்தப் பிள்ளையா? நீ உணர்ற பிள்ளை! நீதானடி சொன்னே, சுத்திம்னு. எத்தனை தடவை கேட்டேன், எத்தனை தடவை சொன்னே!"

"ஆமா, சொன்னேன். பேசாம இருக்கேன்னு சொன்னேன்! குளிர்காலம் பூரா சுத்தாலா!"

பெரினாவின் கை கொஞ்சம் இறங்கியது. "என்ன சொன்னே? சுத்தீலா. உணர்ந்தேன்னா சுத்தீலாடி."

"இல்லம்மா. சுத்தாலா. வாயைத் திறக்கலேன்னு அர்த்தம். சுத்தாலா, சுத்தாலா!"

இன்று நடப்பதைச் சொல்லும்போது அந்த இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். சுத்திம், சுத்திஷ், சுத்தி: நான், நீ, அவள். நேற்று நடந்ததைச் சொல்லும்போதுதான் பிரியும். அந்த வீட்டில் யாரும் நேற்றைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. கதவடியில் நின்று, ஒருத்தி 'லா' என்று சொல்ல மற்றவள் வேறு 'லா' சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

"அப்போ ஒண்ணுமே இல்லையா?" என்றாள் பெரினா.

"ஒண்ணுமே இல்ல. நீங்க மட்டும் என்ன செஞ்சீங்க? வந்த நாள்லேருந்து வதைபடு, வதைபடுன்னு..."

"நான் எப்போடி அப்படிச் சொன்னேன்?"

"மூச்சின்னு! தினமும்!"

"அழாதேன்னு சொன்னேன்டி, பாவி. அழாதே, அம்மா இருக்கேன்னு சொன்னேன்."

பெரினா கதவை விட்டுவிட்டு மீன் பீப்பாயின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வழி திறந்திருந்தது. மிலுங்கா போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள்.

பெரினா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "குடா பூரா சொல்லிட்டேன். பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். யாக்ஷாவுக்கு எழுதியாச்சு. செர்பியாக்காரி பேசுறதே தெரியாம பிள்ளை பிள்ளைன்னு ஆடினாளாம் பெரினான்னு சிரிப்பாங்க. சாகுறவரைக்கும் சிரிப்பாங்க. எனக்கு அவங்களைத் தெரியும். நானே அப்படித்தான் சிரிப்பேன்."

"அதுக்கு நான் என்னம்மா செய்யட்டும்?"

"கலைஞ்சு போச்சுன்னு சொல்லிடுவோம். ஒரு வாரம் படுத்துக்க. ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா படுத்திரு. காத்து நின்ன அன்னைக்கு நானே துடுப்புப் போட்டு ஒன்னைப் பட்டணத்துல கொண்டு விடறேன். சத்தியம்."

மிலுங்கா யோசித்தாள். சிப்பாய்கள் இந்நேரம் மலையைத் தாண்டியிருப்பார்கள். வெளியே போவதற்கு இருந்த ஒரே வழி இன்னும் ஒரு வாரம் உள்ளே கிடப்பது. பரணில் ஏறிப் படுத்தாள்.

அன்று மத்தியானமே கோழிச்சாறு வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது, எண்ணெய் விளக்கு ஒன்று. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகில் கை வைத்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், எனக்கு நடந்ததைச் சொன்னேன்.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்தான். அழவேயில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறையில் இடமில்லை என்றார்கள். பாஷ்கோ ஒரு சோப்புப் பெட்டியில் வைத்து எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. பிள்ளை தலையில் எவ்வளவு முடி இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு இவளிடம் சொன்னேன். நிறைய முடி. கறுப்பாக, ஈரமாக.

மிலுங்கா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள், சத்தமாக, மூக்கு ஒழுக. நானும் அழுதேன். கீழே பெரினா பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் எட்டு வீட்டுப் பெண்களும் ஒருத்தி பின் ஒருத்தியாக அந்த ஏணியில் ஏறினார்கள். போனவர்கள் சீக்கிரம் இறங்கவில்லை. கணக்குப் பார்த்தால் எங்கள் குடாவில் ஒரு பிள்ளையாவது போகாத வீடு இல்லை, ஆனால் ஒருத்தி கதை மற்றவளுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்தது. அவள் ராகம் இப்போது யாருக்கும் சிரிப்பாக இல்லை. ஒருத்தி தேன் கொண்டுவந்தாள், ஒருத்தி கம்பளிக் காலுறை. வாங்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும் அவளால்? "அந்தப் பரண்ல மூச்சு முட்டிச்சு" என்று பிற்பாடு சொன்னாள். "கதவு சாத்தியிருந்தப்போகூட அப்படி முட்டல."

காற்று நின்றது. பெரினா சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். விடிந்ததும் படகை இறக்கி மருமகளை உட்கார வைத்தாள். டாக்டரைப் பார்க்கப் போகிறாள் என்று நாங்கள் கரையில் நின்று கையசைத்தோம். கப்பல் பாலத்தில் பெரினா ஒரு பொட்டலத்தை நீட்டினாள், உலர்ந்த அத்திப்பழம். "யாக்ஷாகிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வராது" என்றாள்.

ஸ்ப்லிட்டில் மிலுங்காவுக்கு ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. ஏப்ரலில் யாக்ஷா வந்தான். பிள்ளை வரப்போகிற கடிதம் அவனுக்குக் கிடைத்திருந்தது, போய்விட்ட கடிதமும் கிடைத்திருந்தது. அதையும் நான்தான் எழுதினேன். முதல் கடிதம் கிடைத்த துறைமுகத்தில் வாங்கிய சின்னத் தொப்பி ஒன்று அவன் பையில் இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லையாம். அவளுடைய வாடகை அறையில், கட்டில் விளிம்பில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அப்போ யாரும் சாகல."

"சாகல."

"பின்ன ஏன் அழுவுற?"

அம்மாவை அவமானப்படுத்த வேண்டாம், வெளியில் சொல்லாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

இரண்டு வருஷம் ஸ்ப்லிட்டில் இருந்தாள். பெரினா கொடித்தோட்டத்துச் சுவரிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டபோது, கூப்பிடாமலே திரும்பி வந்தாள். அப்போது நிஜமாகவே நான்கு மாதக் கர்ப்பம். மாமியாரைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். இருவரும் ஓயாமல் சண்டை போடுவார்கள், எங்கள் வீடு வரை கேட்கும். ஒருத்தி சொல்வது மற்றவளுக்கு நன்றாகவே புரிந்தது இப்போது.

அந்தக் கோடையில் ஒருநாள் கொடித்தோட்டத்தில் கந்தகத் தூள் தெளித்துக்கொண்டிருந்தோம். நான் என் பையனைப் பற்றி ஏதோ பேச்செடுத்தேன். அவளிடம் மட்டும்தான் பேச முடியும் அதை. மிலுங்கா தூள் பையைக் கீழே வைத்துவிட்டு, "தோன்கா, ஒன்கிட்ட இனிமேயும் மறைக்க முடியாது" என்று தொடங்கினாள். நான் நேரில் பார்க்காமல் மேலே எழுதியதெல்லாம் அன்று அவள் சொன்னதுதான். கையை உதறிக்கொண்டு விலகி நின்றேன்.

"அப்போ நான் யார்கிட்டடி சொன்னேன் அதை?"

"என்கிட்டதான். நான் அங்கதானே படுத்திருந்தேன்."

"நீ படுத்திருந்தியா? நீ நடிச்சிட்டிருந்தே!"

"கேட்டுக்கிட்டிருந்தது நடிப்பில்ல."

என் தூள் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். திராட்சை அறுவடை முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன சண்டை உங்களுக்கு என்று பாஷ்கோ கேட்டான், சொல்லவில்லை. எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொன்னால் அந்தப் பரணில் ஏறிய ஒவ்வொருத்திக்கும் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். அவரவர் சொன்னதை அவரவர் திரும்ப எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

மழைக்காலத் தொடக்கத்தில் அவளுக்கு வலி கண்டது. பாதையெல்லாம் வெள்ளம், மருத்துவச்சியால் வர முடியவில்லை. பெரினா படுக்கையிலிருந்தபடியே என் பேரைச் சொல்லிக் கத்தினாள், போனேன். பெண் குழந்தை. பிறந்த உடனே அழுதது. தொப்புளைக் கட்டித் துணியில் சுற்றி அவள் மார்பில் வைத்தேன். பெண்கள் ஏணியில் நெருக்கியடித்து ஏறி வந்து பார்த்தார்கள்.

"போகட்டும், மொதல்ல போனதுக்கு இது வந்துச்சு" என்றாள் ஒருத்தி. "ரெண்டாவது பிரசவம் எப்பவும் சுலபம்தான், என்ன தோன்கா?"

மிலுங்கா என்னைப் பார்த்தாள். வியர்த்த முகம், கன்னத்தில் ஒட்டிய முடி. கீழே பெரினாவும் இருமுவதை நிறுத்திக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, ரெண்டாவது" என்றேன். ரத்தத் தண்ணீர் இருந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, வழி விடுங்கள் என்று ஏணியில் இறங்கினேன்.